மருந்துக்குச் சாகாத சம்பாவ் புல்

தம்பி, நீ கேட்டதை மற்றவர்களுக்கும் தெரியட்டும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தெலுக் இந்தான் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் உன் அப்பா மருந்தடிப்பு மண்டோர், அந்த வேலையாட்களின் மேற்பார்வையாளர். முன்பெல்லாம் கிளைபோசேட் என்ற களைக்கொல்லி மருந்தை அடித்தால் சம்பாவ் புல் என்ற களை இரண்டு வாரத்தில் காய்ந்துவிடும், இப்போது மருந்துக்குப் பழகிப் போய்விட்டது, எவ்வளவு அடித்தாலும் சாவதில்லை என்கிறார். இதுதான் பரிணாமமா, அப்படியானால் நீங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் வரும் குரங்கு மட்டும் ஏன் இன்னும் குரங்காகவே இருக்கிறது என்பது உன் கேள்வி.

முதல் பாதிக்குப் பதில்: ஆமாம், அப்பா கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பது பரிணாமம்தான். பாடப்புத்தகங்கள் காட்டும் கலாபகஸ் தீவுக் குருவிகளைவிட இது உனக்கு நல்ல உதாரணம், நீயே போய்ப் பிடுங்கிப் பார்க்கலாம். ஆனால் புல் பழகிவிட்டது என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மருந்து பட்ட எந்தச் செடியும் மெல்ல மெல்லத் தேறி, மறுமுறை தாங்கிக்கொள்ளக் கற்றுக்கொள்ளவில்லை. சாகிற செடி செத்தது, சாகாத செடி முதல் நாளிலிருந்தே சாகாததாக இருந்தது. மாறியது அந்த நிலத்துப் புல்லில் எத்தனை பங்கு எந்த வகை என்கிற கணக்கு. இயற்கைத் தேர்வு முழுவதும் இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடும், அதனால் அதைப் பொறுமையாகப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு நிலத்தில் பத்து லட்சம் சம்பாவ் செடிகள் என்று வை. அதில் ஒன்றே ஒன்றுக்குப் பிறவியிலேயே மருந்து ஏறாது. மற்றவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சாகும், ஒன்று இலை மறைவிலோ மருந்து படாத மூலையிலோ தப்பும். முதல் சுற்று அடித்த பிறகு மிஞ்சுவது பத்தாயிரம் சாதாரணச் செடி, ஒரு சாகாத செடி. இவை விதை போட்டு நிலம் மறுபடி நிரம்புகிறது. இப்போது பத்தாயிரத்துக்கு ஒன்று சாகாதது. இரண்டாம் சுற்றுக்குப் பிறகு நூற்றுக்கு ஒன்று. மூன்றாம் சுற்றுக்குப் பிறகு பாதிக்குப் பாதி. நான்காவது முறை அடித்து முடித்தால் நிற்பதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சாகாத வகை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மூன்றாவது முறை அடிக்கப் போகும்போதுகூட நிலத்தில் நூற்றுக்கு ஒன்றுதான் சாகாத வகை. அடித்த பிறகு பார்த்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு காய்ந்து கிடக்கும். எந்த மண்டோரும் ‘மருந்து நன்றாக வேலை செய்கிறது’ என்றுதான் எழுதிவைப்பார். அடுத்த சுற்றில் பாதிப் புல் பச்சையாக நிற்கும்போது, நேற்றுவரை சரியாக இருந்தது இன்றைக்குப் பழகிவிட்டது என்று தோன்றாமல் என்ன செய்யும்? அப்பா பார்த்ததில் பிழை இல்லை, முதல் மூன்று சுற்றில் நடந்தது கண்ணுக்குத் தெரியாது. நிஜ நிலத்தில் மண்ணுக்குள் பழைய விதைகள் உறங்கிக்கொண்டிருப்பதால் இவ்வளவு வேகமாக நடக்காது, ஆனால் போகும் வழி இதுதான்.

சரி, அந்த ஒரு செடி முன்பே இருந்தது என்று எப்படிச் சொல்கிறேன்? மருந்தே அதை உண்டாக்கியிருக்கலாமே? நியாயமான கேள்வி, நீ கேட்டிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன். இதற்கு எனக்குத் தெரிந்த மிக அழகான சான்று ஒரு பழைய காகிதக்கட்டிலிருந்து வந்தது. ஐரோப்பியக் கோதுமை வயல்களில் பெரிய தொல்லை கொடுக்கும் களைப்புல் ஒன்று இருக்கிறது. அதைத் தாவரவியலாளர்கள் தலைமுறை தலைமுறையாகக் காயவைத்து ஒட்டிச் சேமித்திருந்தார்கள். 1788 முதல் 1975 வரை சேகரித்த 734 மாதிரிகளின் மரபணுவைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் படித்துப் பார்த்து, முடிவை 2013இல் வெளியிட்டார்கள். 1888இல் பறித்த ஒரு செடியில், இன்றைக்கு ஒரு வகைக் களைக்கொல்லியைத் தோற்கடிக்கும் அதே மரபணு மாற்றம் இருந்தது. அந்த வகை மருந்து வயலுக்கு வந்ததே ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டு கழித்துத்தான். பிறக்காத மருந்துக்கு அந்தப் புல் எப்படிப் பழகியிருக்கும்?

ஆய்வுக்கூடத்திலும் இதைக் காட்டியிருக்கிறார்கள். 1952இல் ஜோசுவா லெடர்பெர்க், எஸ்தர் லெடர்பெர்க் தம்பதி பாக்டீரியா வளர்ந்த ஒரு தட்டின் மேல் வெல்வெட் துணியை அழுத்தி எடுத்து, அதே துணியைப் பல புதுத் தட்டுகளில் ஒற்றினார்கள். எந்தக் கூட்டம் எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில் எல்லாத் தட்டிலும் அதன் பிள்ளைகள் விழுந்தன. புதுத் தட்டுகளில் பாக்டீரியாவைக் கொல்லும் பொருள் இருந்தது. ஒவ்வொரு தட்டிலும் பிழைத்தவை ஒரே இடத்துக்காரர்கள். அப்புறம் முதல் தட்டுக்குப் போய் அந்த இடத்திலிருந்து எடுத்து வளர்த்தால், அந்தப் பொருளை ஒருநாளும் பார்த்திராத பாக்டீரியாவும் அதைத் தாங்கியது.

சம்பாவ் புல்லுக்குள் நடந்தது என்ன என்பதும் தெரியும். எல்லாச் செடிக்கும் புரதம் கட்டத் தேவையான சில அமினோ அமிலங்களைத் தானே தயாரிக்க ஒரு நொதி வேண்டும். கிளைபோசேட் அந்த நொதியின் குழிக்குள் போய் உட்கார்ந்து வேலையை நிறுத்திவிடும், செடி பட்டினியில் சாகும். நொதி என்பது நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அதில் 106ஆவது இடத்தில் இருக்கும் புரோலின், செரினாக மாறினால் குழியின் வடிவம் கொஞ்சம் பிசகும், மருந்து சரியாக உட்காராது, நொதி தன் வேலையைத் தொடரும். மரபணுவைப் படியெடுக்கும்போது ஓர் எழுத்து தவறி விழுந்தால் போதும், இந்த மாற்றம் வந்துவிடும். ஒரு சம்பாவ் செடி பல்லாயிரம் விதை போடும், தோட்டம் தோட்டமாகக் கோடிக்கணக்கான செடிகள் நிற்கின்றன. எழுத்துப் பிழை எங்கேயாவது விழுந்தே தீரும். செடிக்கு வேண்டும் என்பதற்காக அது விழுவதில்லை, விழுகிற பிழைகளில் பெரும்பாலானவை உதவாதவை அல்லது கெடுதலானவை. மாற்றம் கண்ணை மூடிக்கொண்டு வருகிறது, மருந்துத் தொட்டி அதில் ஒன்றைப் பிடித்து நிறுத்துகிறது.

இதில் நம் நாட்டுக்கு ஒரு பெருமை(!) உண்டு. உலகத்திலேயே கிளைபோசேட்டுக்குச் சாகாத களை முதலில் 1996இல் ஆஸ்திரேலியாவில் பதிவானது. இரண்டாவது நம்முடைய சம்பாவ் புல், 1997இல், மலேசியப் பழத்தோட்டத்தில். நாம் கூழ் காய்ச்சும் கேழ்வரகுக்கு மிக நெருங்கிய காட்டுச் சொந்தம் அது, கதிரைப் பார்த்தாலே தெரியும். அதோடு நிற்கவில்லை. 2015இல் மலேசியச் சம்பாவ் புல்லில் இன்னொரு மாற்றமும் கண்டார்கள். 106ஆவது இடத்தோடு 102ஆவது இடமும் மாறியிருந்தது. இரண்டும் சேர்ந்தால் மருந்து ஏறக்குறைய செல்லாக் காசு. இதே இரட்டை மாற்றத்தை விஞ்ஞானிகள் ஆய்வுக்கூடத்தில் செய்து மக்காச்சோளத்தில் ஏற்றியிருந்தார்கள். திட்டமும் இல்லாமல் படிப்பும் இல்லாமல் ஒரு வரப்போரப் புல் அதே விடைக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் அந்த இரட்டை மாற்றத்துக்கு விலை உண்டு. தாய், தந்தை இரண்டு பக்கமும் அதையே வாங்கிப் பிறந்த செடி, மருந்தே அடிக்காத நிலத்தில் சாதாரணச் செடியைவிட மெலிவாக வளர்கிறது, விதையும் குறைவு. மருந்தைத் தடுக்கும் நொதி, தன் சொந்த வேலையிலும் மந்தமாகிவிட்டது. பிழைப்பது பலசாலி என்று பலர் நினைப்பது இங்கேதான் உதைக்கும். தோட்டத்தில் ராஜாவாக நிற்கும் அந்தச் செடியைக் கோயில் திடலில் நட்டால் பக்கத்துச் செடியிடம் தோற்கும். எந்த இடம், எந்தக் காலம் என்று சொல்லாமல் எதையும் சிறந்தது என்று சொல்ல முடியாது.

மனிதரிலும் இதே கதை இருக்கிறது. நம் நாட்டு மருத்துவமனைகளில் பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதி போதுமான அளவு இருக்கிறதா என்று சோதனை செய்வார்கள். குறைபாடு இருந்தால் பீரோவில் அந்துருண்டை போடாதே, சில மருந்துகளைக் கொடுக்காதே என்று அட்டையில் எழுதித் தருவார்கள். உங்கள் லயத்திலும் அப்படி ஒரு வீடு இருக்கும். இந்தக் குறைபாட்டின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளிடம் தெரிகிறது. ரத்தச் சிவப்பணு உடையும் ஆபத்துள்ள ஒரு குறை, இவ்வளவு பேரிடம் எப்படித் தங்கியது? உலக வரைபடத்தில் இது அதிகம் உள்ள இடங்களைக் குறித்துப் பார்த்தால், பழைய மலேரியாப் பிரதேசங்களோடு ஒத்துப்போகும். குறையுள்ள சிவப்பணுவில் மலேரியாக் கிருமி நன்றாக வளர முடிவதில்லை. மலேரியா பிள்ளைகளை வாரிக்கொண்டு போன நூற்றாண்டுகளில் இந்தக் ‘குறை’ உள்ளவர்கள் கொஞ்சம் அதிகமாகப் பிழைத்து, கொஞ்சம் அதிகமாகப் பிள்ளை பெற்றார்கள்.

நம் ஆட்கள் பால்மர (ரப்பர்) தோட்டங்களுக்கு வந்த காலத்தில் மலேரியாவில் செத்தவர்கள் கொஞ்சநஞ்சமில்லை. கிள்ளானில் 1901இல் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்துத் தண்ணீரை வடித்துக் கொசுவைக் குறைக்கத் தொடங்கிய பிறகுதான் கொஞ்சம் மூச்சுவிட்டார்கள். ஆனால் நம்மில் உள்ள ஜி6பிடி குறைபாடு இங்கே வந்து உண்டானதல்ல, நாலைந்து தலைமுறை அதற்குப் போதாது. ஊரிலிருந்து ரத்தத்தோடு வந்தது. மலாய்க்காரர், ஓராங் அஸ்லி மக்களிடம் வேறொரு மாற்றம் இருக்கிறது: சிவப்பணு நீள்வட்டமாக, விறைப்பாக இருக்கும். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் மூளையைத் தாக்கும் கொடிய மலேரியாவிலிருந்து காக்கும். இருவரிடமிருந்தும் வந்தால் பெரும்பாலும் கரு வயிற்றிலேயே போய்விடும். பாதுகாப்புக்குக் கொடுக்கும் விலையில் பிறக்காத பிள்ளைகளும் சேர்த்தி. யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்த ஏற்பாடாக இருந்தால் இப்படிச் செய்திருப்பாரா?

தேர்வு நடக்க முதலில் வேறுபாடு வேண்டும், அந்த வேறுபாடு பிள்ளைக்குப் போக வேண்டும், அதனால் பிழைப்பிலோ பிள்ளைப்பேற்றிலோ வித்தியாசம் வர வேண்டும். ஐந்தாம் படிவ உயிரியலில் மரபு, மாறுபாடு என்று இரண்டு பாடம் படித்தாயே, அவற்றை இந்த மூன்றாவதோடு சேர்த்து முடிச்சுப் போட்டால் இயற்கைத் தேர்வு. அப்பா வெயிலில் கறுத்துப்போன நிறம் உனக்கு வராது, ஏனென்றால் அது அவர் தோலில் நடந்தது, அவர் மரபணுவில் நடக்கவில்லை.

வேறுபாடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பால்மரத்தைப் பார். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன சுமார் 70,000 விதையில், லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தது மிகச் சில ஆயிரம். அதிலிருந்து 22 கன்று 1877இல் சிங்கப்பூர் வந்தது. ஆசியாவின் பால்மரங்களில் பெரும்பகுதி அந்தச் சிறு கூட்டத்தின் வழி. அதற்கு மேல் நல்ல மரத்தின் மொட்டை எடுத்து ஒட்டுக்கட்டியே தோட்டம் முழுக்க நட்டார்கள், வரிசை வரிசையாக ஒரே மரத்தின் நகல்கள். பால் கொட்டும். ஆனால் தென் அமெரிக்க இலைக்கருகல் நோய் இங்கே வந்து இறங்கினால் அந்த நகல்களில் எது பிழைக்கும் என்று கேட்க முடியாது, பிழைத்தால் எல்லாம், போனால் எல்லாம்.

வேறுபாட்டைக் கண்டுகொண்டவர்களில் ஒருவர் நம் மண்ணில் நடந்தவர், அதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. ஆல்பிரட் ரஸல் வாலஸ் 1854இல் மலாக்காவில் இருந்தார், குனோங் லேடாங் மலை ஏறினார். 1855இல் சரவாக்கின் சந்துபோங்கில் இருந்தபோது, ஒவ்வொரு புது இனமும் தனக்கு நெருங்கிய இன்னொரு இனம் இருக்கும் இடத்தையும் காலத்தையும் ஒட்டியே தோன்றுகிறது என்று எழுதினார். அவர் பணக்காரர் இல்லை, வண்டும் பறவையும் பிடித்து இங்கிலாந்துக்கு அனுப்பி விற்றுப் பிழைத்தார். இந்தத் தீவுகளில் எட்டு ஆண்டு அலைந்து 125,660 மாதிரி சேர்த்தார், சரவாக்கைச் சேர்ந்த அலி என்ற இளைஞர் கூடவே இருந்து பிடித்துத் தோலுரித்துக் கொடுத்தார். ஒரே வண்டில் நூறு பிடித்து வரிசையாகக் குத்தி வைப்பவனுக்கு ஒன்று போல் ஒன்று இல்லை என்பது தெரியாமல் போகாது. 1858இல் தெர்னாத்தே தீவிலிருந்து, காய்ச்சலில் கிடந்தபோது தோன்றிய இயற்கைத் தேர்வு யோசனையை டார்வினுக்கு எழுதி அனுப்பினார். இருபது ஆண்டாக அதே யோசனையை அடைகாத்துக்கொண்டிருந்த டார்வின் ஆடிப்போனார். இருவர் எழுத்தும் 1858 ஜூலை 1 அன்று லண்டன் லின்னியன் சங்கத்தில் சேர்த்து வாசிக்கப்பட்டது. டார்வினின் நூல் மறு ஆண்டு நவம்பரில் வந்தது. பெயர் அவருக்குப் போனது. வாலஸே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நமக்கு எதற்கு வழக்கு.

புல் சில ஆண்டுகளில் மாறும். இரண்டு உயிர்கள் சேர்ந்து மாறுவது நீண்ட காலக் கதை, அதற்கும் சாட்சி உங்கள் தோட்டத்திலேயே இருக்கிறது. செம்பனை ஆப்பிரிக்க மரம். 1848இல் நான்கு கன்று ஜாவாவின் போகோருக்கு வந்தது, ஆனால் அதன் பூவுக்கு மகரந்தம் சுமக்கும் வண்டு கூடவே வரவில்லை. அதனால்தான் உன் பாட்டி காலத்தில் பெண்களை வைத்துக் கையால் மகரந்தத் தூள் தூவினார்கள், கேட்டுப் பார். ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில் ஆராய்ந்த ரஹ்மான் சையத் அந்தக் கூன்வண்டைக் கண்டு சொல்ல, 1981இல் ஜோகூர் குளுவாங் பக்கத்தில் அதை அவிழ்த்துவிட்டார்கள். அதோடு தூள் தூவும் வேலை போனது. அந்த வண்டு ஆண் பூவைத் தின்று, அதிலேயே முட்டையிட்டு வாழும். பெண் பூவில் அதற்குப் பெரிதாக ஒன்றும் கிடையாது, ஆனால் அதுவும் ஆண் பூவைப் போலவே சோம்பு வாசம் விடும். வண்டு ஏமாந்து உள்ளே போய் உடம்பில் ஒட்டிய தூளை உதறிவிட்டு வரும். வாசம் ஒத்துப்போன பெண் பூ காய்த்தது, ஒத்துப்போகாதது காய்க்கவில்லை. ஆப்பிரிக்கக் காட்டில் எண்ணற்ற தலைமுறை இப்படிக் கழிந்ததன் பலனைத்தான் இங்கே குலை குலையாக வெட்டி லாரியில் ஏற்றுகிறோம்.

இப்போது குரங்கு. உன் கொள்ளுத்தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கினார் என்று வை, அவர் தம்பி சேலத்திலேயே தங்கிவிட்டார். ‘மலேசியாக்காரர்கள் சேலத்திலிருந்து வந்தவர்கள் என்றால், சேலத்தில் ஏன் இன்னும் ஆள் இருக்கிறது?’ என்று ஒருவர் கேட்டால் சிரிப்பாய். அங்கே இன்று இருப்பவர் உன் கொள்ளுத்தாத்தா இல்லை, உன் பங்காளி. இந்த நூறு ஆண்டில் அவர் வீடும் மாறியிருக்கிறது, பேச்சும் மாறியிருக்கிறது. லயத்துக்குப் பின்னால் பப்பாளி திருடும் நீள்வால் குரங்கும் அப்படித்தான். நாம் அதிலிருந்து வரவில்லை. அதற்கும் நமக்கும் பொதுவான மூதாதை ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் இருந்தது. சிம்பன்சியோடு நம் வழி பிரிந்தது சுமார் அறுபது எழுபது லட்சம் ஆண்டுகளுக்கு முன். அந்தக் குரங்கு மாறாமல் நின்றுவிடவும் இல்லை, குரங்காக வாழ்வதற்குத் தோதாக அதுவும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. மனிதனாவது உச்சிப்படி, மற்றவை பாதியில் நின்றவை என்ற ஏணிப் படத்தை மனசிலிருந்து எடுத்துவிடு.

கோயில் சொற்பொழிவில் தசாவதாரமே பரிணாமம்தான் என்று சொல்வார்கள். மீன், ஆமை, பன்றி, நரசிங்கம் என்று வரிசை கேட்க நன்றாக இருக்கிறது, அதைக் கேட்டு நம் ஆட்களுக்குப் பரிணாமத்தின் மேல் கோபம் வராமல் இருந்தால் எனக்கும் நல்லதுதான். ஆனால் அது ஒருவரே பல உருவம் எடுப்பது. இங்கே யாரும் உருவம் எடுப்பதில்லை. பிள்ளைகள் பெற்றோரைப் போலவே, ஆனால் அச்சாக அப்படியே இல்லாமல் பிறக்கிறார்கள், அவர்களில் சிலருக்குப் பிள்ளைகள் அதிகம். அவ்வளவுதான் நடக்கிறது.

கடைசியாக அப்பாவுக்கு. மருந்தை மாற்றி அடித்தால் தீருமா என்று கேட்பார். கொஞ்சம் தள்ளிப்போடும், தீராது. சம்பாவ் புல் பாராகுவாட்டையும் குளுபோசினேட்டையும் மலேசியாவில் முன்பே தாண்டிவிட்டது, கிளைபோசேட்டும் சேர்த்து நான்கு வகை மருந்துக்கும் ஒருசேரச் சாகாத ஒரு கூட்டம் இங்கே பதிவாகியிருக்கிறது. பாராகுவாட்டை 2020இலிருந்து தடையும் செய்துவிட்டார்கள். மருந்தை மெலிதாகக் கலந்து மிச்சம்பிடிப்பது எல்லாவற்றிலும் மோசம், அரைகுறையாகத் தாங்கும் செடிகளெல்லாம் பிழைத்து ஒன்றோடொன்று சேரும். அடித்த இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நிலத்தைச் சுற்றி வந்து, பச்சையாக நிற்கும் தூர்களைக் கதிர் விடுவதற்கு முன் கொத்திப் பிடுங்கி, தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் எரிக்கச் சொல். அந்த நிலத்திலிருந்து அடுத்த நிலத்துக்குப் போகும் முன் பூட்ஸிலும் டிராக்டர் டயரிலும் ஒட்டிய மண்ணைக் கழுவச் சொல். மூன்றாவது சுற்றில் நூற்றுக்கு ஒன்றாக நிற்கும்போது பிடுங்கினால் ஆள் கூலி கட்டுப்படியாகும். நான்காவது சுற்றில் பாதி நிலம் நிற்கும்போது தோட்டத்து அலுவலகத்தின் எந்தக் கிராணியும் அதற்குக் கையெழுத்துப் போட மாட்டார்.